அரணும் அகத்தாரும்

காவல் என்பது இலவசமாகக் கிடைக்கும் பொருளன்று. விளைச்சலைக் காக்க வேலி அடைக்கும் உழவன் அவ்வேலிக்கென ஒரு துண்டு நிலத்தை இழக்கின்றான். இரவுக் காவலனை நியமிக்கும் ஊர் அவனுக்குச் சோறு போடவேண்டியிருக்கின்றது. எந்தச் சமுதாயமும் தான் உழைத்து ஈட்டியதில் ஒரு பகுதியை, ஈட்டியதைக் காப்பதற்கென்றே ஒதுக்கி வைக்கின்றது. எவ்வளவு ஒதுக்குவது, யார் கொடுப்பது, யார் தீர்மானிப்பது என்னும் மூன்று கேள்விகளும் அரசியல் தத்துவத்தின் பழைய கேள்விகள். இன்று அவை நாம் எதிர்பாராத ஓரிடத்தில், எமது மேசைமீதிருக்கும் கணினியினுள்ளே, மீண்டும் எழுந்துள்ளன.

வைரசுகளிலிருந்தும் ஏனைய நாசகார நிரல்களிலிருந்தும் கணினியைக் காக்கும் மென்பொருள்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது? காவலும் வேண்டும், கணினியின் வேகமும் குன்றக்கூடாது. இவ்விரண்டுக்குமிடையே சமநிலை காண்பது எவ்வாறு? இதனைக் கடைக்காரரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் ஒரு சில்லறை விவகாரமாகவே பலரும் கருதுகின்றனர். ஆயின், இதனுள்ளே ஓர் அறநெறிப் பிரச்சினை அடங்கியுள்ளது. அதனை உணராது செய்யப்படும் தேர்வு, எத்துணை விலை கொடுத்து வாங்கியதாயினும், குருட்டுத் தேர்வேயாகும்.

முதலில் விஷயத்தின் இயல்பை விளங்கிக்கொள்வோம். காவல் மென்பொருள் கணினியின் இயங்குதளத்தோடு ஒட்டி நின்று, ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது இடையில் வழிமறிக்கின்றது. கோப்பின் உள்ளடக்கத்தைத் தன்னிடமுள்ள அடையாளப் பட்டியலோடு ஒப்பிடுகின்றது. பட்டியலில் இல்லாதவற்றை அவற்றின் அமைப்பையும் நடத்தையையும் கொண்டு எடைபோடுகின்றது. ஐயம் எழுந்தால் இணையத்தின் வழியாகத் தன் தலைமை நிலையத்தை வினவுகின்றது. இவையெல்லாம் முடிந்த பின்னரே கோப்பு உரியவரின் கைக்கு வருகின்றது. ஒருமுறை சோதித்த கோப்பை நினைவில் வைத்து மறுமுறை விட்டுவிடுதல் போன்ற உபாயங்களால் தாமதம் குறைக்கப்படுகின்றது. எனினும் அது முற்றாக நீங்குவதில்லை. சோதனைச் சாவடிகளில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபக்கம் நடந்து சென்று ஏறிப் பழகிய எம்மவர்க்கு இதனை மேலும் விளக்கவேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். காவலின் சுமை எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. புதிய செயலியும் 16 கிகாபைட் நினைவகமும் வேகமான திண்மநிலைத் தட்டும் கொண்ட கணினியில் இந்தச் சோதனை நடப்பதை அதன் உரிமையாளர் உணர்வதேயில்லை. அதே மென்பொருளை 4 கிகாபைட் நினைவகமும் சுழலும் பழைய வன்தட்டும் கொண்ட கணினியில் நிறுவிப் பாருங்கள். வினாத்தாள் ஒன்றைத் திறக்க முயலும் ஆசிரியர் திரையைப் பார்த்தபடி காத்திருக்கின்றார். அவருக்குப் பின்னால் வகுப்பும் காத்திருக்கின்றது. தலைக்கு இவ்வளவு என விதிக்கப்படும் தலைவரி செல்வந்தரின் பையில் தெரியாமலும் ஏழையின் பையில் ஓட்டை விழும்படியும் அறவிடப்படுவது. காவல் மென்பொருளின் சுமையும் அத்தகைய தலைவரியே. 'கணினியை மெதுவாக்காத மென்பொருள் எது' என்று கேட்பவர்களுள் மிகப் பெரும்பாலானோர் பழைய கணினிகளின் முன்னால் இருப்பவர்கள் என்பது தற்செயலன்று.

இந்நிலையில் இரு கட்சிகள் எழுகின்றன. இரண்டினதும் வாதங்களை நேர்மையாகச் செவிமடுத்தல் எமது கடன்.

வேகத்தின் கட்சி முதலாவது. 'கணினி வேலை செய்வதற்கென்றே உள்ளது. வேலையை நிறுத்திவிட்டுக் காவல் காப்பதில் என்ன பயன்? நான் கண்ட கண்ட இடங்களுக்குச் செல்வதில்லை. என்னிடம் திருடுவதற்கும் எதுவுமில்லை. ஆகவே காவலை அணைத்துவிடுகின்றேன்' என்று அக்கட்சியினர் கூறுவர். சோம்பேறித்தனம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. நேரம் உழைப்பாளியின் ஒரே செல்வம். அதனை வீணே விழுங்கும் எதனையும் அவர் எதிர்ப்பது நியாயமே.

எனினும் இவ்வாதத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. 'என்னிடம் எதுவுமில்லை' என்பது முதலாவது பிழை. 2017 மே 12 இல் 'வன்னாக்ரை' என்னும் நாசகார நிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. அது கணினியிலுள்ள கோப்புகளை உரியவரே திறக்கமுடியாதவாறு பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. சில நாட்களுள் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த 236 வைத்தியசாலை நிர்வாகங்களுள் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நோயாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் மார்ச் 14 இலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத காலம் திருத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பல கணினிகளில் அது நிறுவப்படவில்லை. பூட்டப்பட்டவை வங்கி இரகசியங்கள் மாத்திரமல்ல. சாதாரண மனிதரின் மருத்துவக் குறிப்புகளும் மாணவரின் ஆய்வேடுகளும் குடும்பப் படங்களுமே. திருடனுக்கு அவை பயனற்றவையாக இருக்கலாம். உரியவருக்கு அவை இன்றியமையாதவை. பணம் பறிப்போனுக்கு இந்த ஒரு வேறுபாடே போதுமானது.

'என் கணினி, என் விருப்பம்' என்பது இரண்டாவது பிழை, முன்னையதிலும் பாரதூரமானது. 2016 ஒக்டோபர் 21 இல் 'டைன்' என்னும் இணையச் சேவை நிறுவனம் தாக்கப்பட்டு, ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெயர்பெற்ற பல இணையத் தளங்கள் பல மணி நேரம் எட்டாமற் போயின. தாக்கியது எந்தப் படையும் அன்று. வீடுகளிலும் கடைகளிலும் பொருத்தப்பட்டிருந்த கண்காணிப்புக் கமராக்களும் இணைய இணைப்புப் பெட்டிகளும், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல்லை எவரும் மாற்றாத காரணத்தால், 'மிராய்' என்னும் நிரலின் கைப்பொம்மைகளாகி அத்தாக்குதலில் ஏவப்பட்டன. அச்சாதனங்களின் உரிமையாளர்கள் எதனையும் இழக்கவில்லை, எதனையும் அறியவுமில்லை. தொற்றுநோய்க் காலத்தில் ஒருவரது உடல்நலம் அவரது சொந்த விவகாரமாக மாத்திரம் இருப்பதில்லை. வலையால் பிணைக்கப்பட்ட கணினியின் நிலையும் அதுவே. காவல் என்பது தனிமனித உரிமை மாத்திரமன்று, சமுதாயக் கடமையுமாகும்.

இனிக் காவலின் கட்சியைப் பார்ப்போம். 'பாதுகாப்பில் சமரசம் கூடாது. எவ்வளவு மெதுவானாலும் சரி, மிகக் கடுமையான காவலே வேண்டும்' என்பது அக்கட்சியின் கோஷம். கேட்பதற்குப் பொறுப்புணர்ச்சி மிக்கதாகத் தோன்றும் இக்கோஷம், முழுமையான காவல் என்று ஒன்று உண்டு என்னும் நம்பிக்கையின்மீது எழுப்பப்பட்டது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

1980களில் பிரெட் கோகன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், வைரசுகள் அனைத்தையும் பிழையின்றிக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று இருக்கவே முடியாது என்பதைத் தர்க்க முறையில் நிறுவினார். அவரது நியாயம் எளிதானது. அப்படியொரு பிழையற்ற காவலன் இருப்பதாகக் கொள்வோம். ஒருவன் ஒரு நிரலை எழுதி, 'நான் வைரசா?' என்று அந்தக் காவலனையே அது வினவும்படி செய்கின்றான். காவலன் 'ஆம்' என்றால் அந்நிரல் சாதுவாக இருந்துவிடும். 'இல்லை' என்றால் பரவத் தொடங்கும். எந்த விடையைக் கூறினும் காவலன் பிழைபடுகின்றான். எனவே குறையற்ற காவலன் என்னும் எண்ணமே தன்னுள் முரண்பட்டது. காவலன் ஒருவன் எப்போதும் இரு திசைகளில் ஒன்றில் தவறுவான்: பகைவனை உள்ளே விடுவான், அல்லது வீட்டாரைப் பகைவர் எனப் பிடிப்பான். ஒன்றைக் குறைக்க முனைந்தால் மற்றது கூடுகின்றது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2010 ஏப்ரில் 21 இல் மெக்காபி நிறுவனம் வெளியிட்ட அடையாளப் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தின் இன்றியமையாத உறுப்பாகிய ஒரு கோப்பை வைரசு எனத் தவறாக இனங்கண்டு அதன்மேல் பாய்ந்தது. கணினிகள் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, தாமாகவே அணைந்தும் எழுந்தும் தடுமாறின. அதைவிடப் பெரிய பாடத்தை 2024 ஜூலை 19 கற்பித்தது. பெரு நிறுவனங்களின் கணினிகளைக் காக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனம் அன்று அனுப்பிய ஒரு புதுப்பிப்பில், 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த ஒரு பகுதிக்கு 20 உள்ளீடுகளே வழங்கப்பட்டன. அக்காவல் நிரல் இயங்குதளத்தின் கருவறையிலேயே குடியிருந்தமையால், அது விழுந்தபோது கணினி முழுவதும் விழுந்தது. 78 நிமிடங்களுள் அந்நிறுவனம் தன் புதுப்பிப்பை மீளப்பெற்றது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் செயலிழந்துவிட்டன என மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகளில் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன, கணினிகளை ஒவ்வொன்றாகக் கையால் சீர்செய்ய வேண்டியதாயிற்று. எந்தப் பகைவனும் அன்று வரவில்லை. காவலனே கதவை அடைத்துக்கொண்டு மயங்கி விழுந்தான்.

காவலனுக்கு அதிக அதிகாரம் கொடுக்கும்போது அவனது பிழையும் அதே அளவில் வளர்கின்றது என்பதே இந்நிகழ்ச்சியின் கருத்து. அரசுகளைப் பற்றி நாம் அறிந்து வைத்திருக்கும் உண்மை நிரல்களுக்கும் பொருந்துகின்றது. வன்னாக்ரை பயன்படுத்திய ஓட்டையின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. அந்த ஓட்டையை முன்னரே கண்டறிந்த அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம், அதனை அடைக்கும்படி உரிய காலத்தில் கூறாது, தனக்கு உதவும் ஆயுதமாக ஒளித்து வைத்திருந்தது. அவ்வாயுதம் களவு போய் அம்பலமான பின்னரே வைத்தியசாலைகள் முடங்கின. தேசத்தின் பாதுகாப்பு என்னும் பெயரால் மக்களின் பாதுகாப்பு பலியிடப்பட்டது.

காவலனின் பிழையை விட்டு, அவனது நலனையும் சற்று ஆராய்வோம். பாதுகாப்பு மென்பொருள் ஒரு பண்டம். அதனை விற்பவருக்கு எமது அச்சமே சந்தை. அச்சம் தணிந்தால் விற்பனையும் தணியும். ஆகவே ஆபத்தை அளவோடு எடுத்துரைப்பதில் விற்பவருக்கு இலாபமில்லை. திரையின் மூலையில் சிவப்பு எச்சரிக்கைகளை ஓயாது காட்டுவதிலேயே இலாபமுண்டு. இலவசமாகக் கொடுப்பவரும் தருமத்துக்குக் கொடுப்பதில்லை. அவாஸ்ட் நிறுவனம் தன் பாவனையாளர்கள் இணையத்தில் எங்கெங்கு சென்றனர் என்னும் விவரங்களைத் திரட்டி, ஜம்ப்ஷொட் என்னும் தன் துணை நிறுவனத்தின் மூலம் விற்றுவந்தது 2020 ஜனவரியில் அம்பலமாயிற்று. 2024 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தை 165 இலட்சம் டொலர் செலுத்தும்படி செய்தது. வேவு பார்ப்போரிடமிருந்து காப்பதாகக் கூறியவரே வேவு பார்த்தார். 2021 இல் நோர்ட்டன் நிறுவனம் தன் காவல் மென்பொருளினுள் எதிரியம் நாணயம் தோண்டும் கருவியொன்றைச் சேர்த்தது. விரும்பியோர் மாத்திரம் அதனை இயக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் அவ்வருவாயில் நூற்றுக்கு 15 பங்கு நிறுவனத்துக்கு. கணினியின் ஆற்றலை மிச்சப்படுத்த வேண்டிய காவலன், அதே ஆற்றலைக் குத்தகைக்கு எடுக்கும் தரகனாகவும் மாறினான்.

இவற்றைக் கொண்டு காவல் மென்பொருள் முழுவதும் மோசடி என்று முடிவுகட்டுவது பேதைமை. வைத்தியத்தில் வியாபாரிகள் புகுந்துவிட்டனர் என்பதற்காக நோயே இல்லை என்று கூறமுடியுமா? பாகிஸ்தானின் லாகூர் நகரில் மென்பொருள் விற்ற இரு சகோதரர்கள் 1986 இல் எழுதிய 'பிரெயின்', தனியாள் கணினிகளைத் தொற்றிய முதலாவது வைரசாகப் பெரும்பாலும் கருதப்படுகின்றது. தமது மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதிசெய்வோரிடமிருந்து காப்பதற்கே அதனை எழுதியதாக அவர்கள் கூறினர். இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே காவலும் நோயும் ஒரு வயிற்றில் பிறந்தவை. ஆகவே 'காவல் நல்லதா, தீயதா' என்று கேட்பதில் பயனில்லை. எந்தக் காவல், எந்த ஆபத்துக்கு, யாருடைய செலவில் என்று கேட்டல் வேண்டும்.

இக்கேள்விக்குரிய அளவுகோல் எமது மரபிலேயே உண்டு. திருக்குறளில் 'அரண்' என்னும் அதிகாரத்தை வெறும் போர்ச் சாத்திரமாகப் படித்துவிட்டுப் போகின்றோம். நல்ல அரண் எது என்பதற்கு வள்ளுவர் கூறும் இலக்கணத்தை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பகைவரால் கொள்ளுதற்கு அரியதாயிருத்தல் என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. உள்ளே உணவு நிறைந்திருத்தல் வேண்டும். அகத்தார் நிலைத்து வாழ்வதற்கு எளிதாயிருத்தல் வேண்டும் என்கின்றார். காவல் செய்யவேண்டிய இடம் சிறிதாகவும், உள்ளே வாழும் இடம் பெரிதாகவும் இருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றார். அதிகாரத்தின் முடிவிலே, அரண் எத்துணை மாட்சி உடையதாயினும், உள்ளிருப்போரிடம் செயல்திறம் இல்லையாயின் அது பயன்படாது என்று எச்சரிக்கின்றார். பகைவர் புகமுடியாத கோட்டை, அகத்தாரும் வாழமுடியாத கோட்டையாயின், அதற்குச் சிறை என்பதே பெயர். அரணின் தகுதியை மதிப்பிடும் உரிமை அகத்தாருக்கே உரியது.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு நடைமுறைக்கு வருவோம். தத்துவம் பேசிவிட்டு, எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்கும் ஆசிரியரை வெறுங்கையோடு அனுப்புதல் முறையன்று.

காவல் செய்யும் இடத்தைச் சிறிதாக்குதல் முதற்கடமை. இயங்குதளத்தினதும் உலாவியினதும் திருத்தங்களைக் காலம் தாழ்த்தாது நிறுவுக. பயன்படுத்தாத மென்பொருள்களை அகற்றுக. நாளாந்த வேலைக்கு நிர்வாகி உரிமையில்லாத சாதாரணக் கணக்கையே பயன்படுத்துக. அதன்வழி புகும் நிரலுக்கும் குறைந்த அதிகாரமே கிடைக்கும். முக்கியமான கோப்புகளின் பிரதியொன்றைக் கணினியோடு இணைந்திராத வேறொரு தட்டில் வைத்திருக்க. பணம் பறிக்கும் நிரலின் பிடியிலிருந்து விடுபடுவதற்கு இதைவிட உறுதியான வழி வேறில்லை. இவை எதுவும் கணினியின் வேகத்தைத் தொடர்ந்து தின்பவையல்ல என்பதைக் கவனிக்க.

அடுத்தது காவலனின் தெரிவு. ஒரே கணினியில் எந்நேரமும் விழித்திருக்கும் இரண்டு காவல் மென்பொருள்களை வைத்தலாகாது. ஒரே கோப்பை இருவரும் வழிமறிப்பர். ஒருவரை மற்றவர் ஐயுறுவர். சுமை கூடுமேயன்றிக் காவல் இரட்டிக்காது. 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதலாக அவ்வியங்குதளத்தோடு கூடவே வரும் டிபென்டர், தொடக்கத்தில் ஏனையவற்றுக்குப் பின்தங்கி நின்றது உண்மை. பிற்காலத்தில் அது தேர்வுகளில் முன்னணி மென்பொருள்களோடு ஒப்ப உயர்ந்த புள்ளிகளைப் பெற்றுவந்துள்ளது. பணம் கொடுக்கவோ, புதிய அந்நியர் ஒருவரைக் கருவறைக்குள் விடவோ தேவையில்லாத அதனைக் கொண்டு தொடங்குவதே பெரும்பாலானோருக்குப் போதுமானது. வேறொன்றை நாடுவோர் ஜெர்மனியின் மக்டபேர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரிலுள்ள ஏவி-கம்பரேட்டிவ்ஸ் ஆகிய சோதனை நிலையங்களின் முடிவுகளைப் படிக்கலாம். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பாவனைக்கு இசைவு என்னும் மூன்றுக்கும் ஆறு ஆறு புள்ளிகளை ஒதுக்கியுள்ளது. காவலை மாத்திரம் அளப்பது அளவையாகாது என்பதைச் சோதனையாளரும் ஒப்புக்கொண்டுள்ளனர் என்பது இதன் பொருள்.

ஆயினும் பிறருடைய கணினியில் நடந்த சோதனை எமது கணினிக்கு முழுச் சான்றாகாது. முன்னணி மென்பொருள்களுக்கிடையே பாதுகாப்பிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் சிறிது; பழைய கணினியில் அவற்றின் சுமையிலுள்ள வேறுபாடு பெரிதாக இருத்தல் கூடும். ஆகவே நாமே அளத்தல் நன்று. கணினி எழுந்து ஆயத்தமாவதற்கும், பெரிய ஆவணம் ஒன்று திறப்பதற்கும், பென் டிரைவிலிருந்து ஒரு தொகுதிக் கோப்புகளைப் பிரதிசெய்வதற்கும் எடுக்கும் நேரத்தை மென்பொருளை நிறுவுமுன்னரும் பின்னரும் கடிகாரத்தைக் கொண்டு குறித்துக்கொள்க. முழுச் சோதனையை வேலையில்லாத வேளைக்கு ஒதுக்குக. வேகத்துக்காகச் சில கோப்புறைகளைச் சோதனையிலிருந்து விலக்கிவைப்பதாயின், அவ்விலக்கு ஒவ்வொன்றும் மதிலில் நாமே இட்ட வாசல் என்பதை அறிந்து, எண்ணி, குறைவாகச் செய்க. காரணம் தெரிந்து ஏற்றுக்கொள்ளும் ஆபத்து வேறு. சலிப்பினால் கண்ணை மூடிக்கொள்வது வேறு.

இதுவரை கூறியவை தனிமனிதர் செய்யத்தக்கவை. பிரச்சினையின் வேர் இவற்றுக்கு அப்பாலும் செல்கின்றது. விண்டோஸ் 10 க்குரிய பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவடைந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11, பாதுகாப்பின் பெயரால், ஒரு குறித்த பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் வேண்டிநிற்கின்றது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த எண்ணற்ற கணினிகள் இவ்விதியினால் தகுதியற்றவையாயின. வரையறுத்த காலத்துக்கு ஒரு நீடிப்பு ஏற்பாடு அறிவிக்கப்பட்டதாயினும், முடிவு தள்ளிப்போடப்பட்டதேயன்றி மாற்றப்படவில்லை. புதிய கணினி வாங்கக்கூடியவருக்கு இது ஒரு செலவு. வாங்கமுடியாதவருக்கு இது காவலற்ற வெளியில் தள்ளப்படுதல். பழைய கணினியிலும் இலகுவாக இயங்கும் லினக்ஸ் வகைகள் இருப்பது ஆறுதலானது. பாடசாலைகளும் வாசிகசாலைகளும் அவ்வழியைத் தயக்கமின்றி ஆராய வேண்டும். ஆனால் அதற்கும் கற்பிப்போரும் நேரமும் கூட்டு முயற்சியும் தேவை.

இங்கேதான் அறநெறிப் பிரச்சினை தன் முழு உருவத்தில் எம்முன் நிற்கின்றது. காவல் ஒரு சமுதாயக் கடமை என்பதை மேலே கண்டோம். கடமை பொதுவாயின் சுமையும் பொதுவாதல் வேண்டும்; அவரவர் இயல்புக்கு ஏற்பப் பகிரப்படுதல் வேண்டும். 'உன் கணினி நோயுற்றால் எல்லோருக்கும் கேடு. ஆகவே நீ காவல் வைத்தே ஆகவேண்டும்' என்று பழைய கணினியின் முன்னிருக்கும் மாணவனுக்கு விதித்துவிட்டு, அதன் செலவையும் தாமதத்தையும் அவன் தலையிலேயே கட்டிவிடும் சமுதாயம், கடமையைப் பேசி உரிமையை மறுக்கின்றது. தடுப்பூசி போட்டுக்கொள் என்று கட்டளையிட்டுவிட்டு அதன் விலையை ஏழையிடமே அறவிடுவதற்கு இது ஒப்பாகும்.

தீர்மானிக்கும் முறையிலும் இதே அநீதி தொழிற்படுகின்றது. நிறுவனமொன்றில் எந்தக் காவல் மென்பொருளை வாங்குவது, அதனை எத்துணைக் கடுமையாக இயக்குவது என்பதை முடிவுசெய்பவரின் மேசையில் மிகப் புதிய கணினி இருப்பதே வழக்கம். கோளாறு நேர்ந்தால் தன்மேல் பழி வருமென்று அவர் அஞ்சுகின்றார். தாமதத்தினால் அவருக்கு இழப்பில்லை. எனவே கடுமையைக் கூட்டுவது அவருக்குச் செலவில்லாத வீரம். பழைய கணினியில் வேலை செய்யும் எழுதுவினைஞரோ வேலை முடியாததற்கான பழியை ஏற்கின்றார். ஈற்றில் காவலைக் கள்ளத்தனமாக அணைத்துவிடுகின்றார். அவர் ஒழுக்கங்கெட்டவர் என்று சுற்றறிக்கை அனுப்புவதில் பயனில்லை. அகத்தாரைக் கேளாமல் கட்டிய அரணில் அகத்தாரே சுரங்கம் தோண்டுவர். ஆகவே பாதுகாப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழு எதுவாயினும், அது தன் முடிவுக்கு முன்னர் அந்நிறுவனத்தின் மிகப் பழைய கணினியின் முன்னால் ஒரு முழு நாள் இருந்து வேலைசெய்து பார்த்தல் வேண்டும். அக்கணினியைப் பாவிப்போருக்குத் தேர்விலே குரல் இருத்தல் வேண்டும். அவர்கள் அக்காவலைத் தாங்கமுடியாதாயின், காவலைத் தளர்த்துவதற்கு முன்னர் கணினியை மாற்றிக் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

அச்சத்தை விற்போர் எமக்குக் கூறுவது, அதிகம் கொடு, அதிகம் பாதுகாப்புப் பெறுவாய் என்பதாகும். அலட்சியத்தைப் போதிப்போர் கூறுவது, உன்னைப் பார்த்துக்கொள், மற்றதை விடு என்பதாகும். இரு போதனைகளும் மனிதனைத் தனியனாக்குகின்றன. ஒன்று அஞ்சும் தனியனாக, மற்றது அக்கறையற்ற தனியனாக. கணினியின் முன்னால் இருப்பவர் தம் வேலையைத் தடையின்றிச் செய்யவும், தம் அயலவருக்குத் தீங்கு விளைக்காதிருக்கவும், தம்மைக் காப்பவர் யார், அவர் எதனை எடுத்துச் செல்கின்றார் என்பதை அறிந்திருக்கவும் உரியவர். இம்மூன்றில் ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை விற்கவேண்டிய நிலை இயற்கையானதன்று, மனிதர் வகுத்தது. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றவும் கூடும். பாடசாலைகளில் கணினியைக் கற்பிப்போரும் கற்போரும் இதனைத் தமது பாடத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளுதல் தகும்.